நெஞ்சுவலியும் பெருந்தமனியும்: உரிய நேரத்தில் உரிய மருத்துவமனை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் கணக்கு வாசிப்பதே வழக்கம். நமது ஊர்தி எத்தனை முறை ஓடியது, எத்தனை பேருக்கு இரத்தம் ஏற்பாடு செய்யப்பட்டது, எவ்வளவு தொகை செலவாயிற்று என்ற விவரங்கள் அனைத்தும் இம்முறை ஆண்டறிக்கையில் அச்சிடப்பட்டு உங்கள் கைகளில் தரப்பட்டுள்ளன. ஆகவே, இன்று கிடைத்துள்ள இந்நேரத்தை அக்கணக்கில் இடம்பெறாத ஒன்றைப் பற்றிப் பேசப் பயன்படுத்திக்கொள்ள விரும்புகிறோம். அது ஓர் இரவின் கணக்கு.

ஓர் இரவின் கணக்கு

மூன்றாண்டுகளுக்கு முன்னர் நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவரை இழந்தோம். கடைத்தெருவில் இரும்புக் கடை நடத்தி வந்தவர். வயது ஐம்பத்தொன்று. அவருடைய குடும்பத்தாரின் இசைவு பெற்றே இதனைக் கூறுகிறோம். பெயரை மட்டும் தவிர்க்கிறோம்.

இரவு பத்து மணிக்குக் கடையின் ஷட்டரை இழுத்து மூடும்போது, அவருக்கு நெஞ்சில் திடீரென்று கடும் வலி தோன்றியது. அவ்வலி அப்படியே முதுகுக்குப் பாய்ந்தது. "முதுகை யாரோ பிளப்பது போல் இருக்கிறது" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கூறியிருக்கிறார். சோடா கொடுத்தார்கள். வாயு மாத்திரை கொடுத்தார்கள். சற்று நேரத்தில் வலி குறைந்தது போலிருக்கவே, வீட்டுக்குச் சென்று படுத்துவிட்டார். பதினொன்றேகால் மணிக்கு வலி மீண்டும் வரவே, எங்களுக்கு அழைப்பு வந்தது.

அருகிலிருந்த சிறு மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதில் குறையொன்றும் தென்படவில்லை. வலிக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். இரண்டு மணிக்கு இடது கால் மரத்துப் போயிற்று என்றார். வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். மாரடைப்பாக இருக்கலாம் என்று கருதி, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்தார்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுசென்று சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகுதான் நோய் இன்னதென்று புலப்பட்டது. பெருந்தமனியின் சுவர் உள்ளே கிழிந்திருந்தது. அங்கிருந்து மூன்றாவதாக ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம். இதயப் பிரிவு அங்கே இருந்தது. ஆனால், இவ்வகை அறுவைச் சிகிச்சை அங்கே செய்யப்படுவதில்லை என்றார்கள். ஏழேகால் மணிக்குப் பெருநகரை நோக்கிப் புறப்பட்டோம். நகரை அடைய இன்னும் ஒரு மணி நேரப் பயணம் இருக்கையில், எட்டே முக்கால் மணிக்கு ஊர்தியிலேயே அவர் உயிர் பிரிந்தது.

ஜனாஸா முடிந்த சில நாட்களுக்குப் பின்னர் எங்கள் குழுவினர் அமர்ந்து அந்த இரவைக் கணக்கிட்டுப் பார்த்தோம். வலி தொடங்கியது முதல் உயிர் பிரிந்தது வரை பத்தே முக்கால் மணி நேரம். அதில் ஊர்தி சாலையில் ஓடிய நேரம் மூன்று மணிக்கும் குறைவு. எஞ்சிய ஏறத்தாழ எட்டு மணி நேரமும், நோய் இன்னதென்று அறியாமலும் செல்ல வேண்டிய இடம் எதுவென்று தெரியாமலும் கழிந்தது.

எந்த மருத்துவர் மீதும் பழி சுமத்துவதற்காக இதனைக் கூறவில்லை. நோயாளியை முதலில் எங்கே கொண்டுசெல்வது என்று முடிவு செய்தவர்கள் நாங்கள். அருகில் உள்ளதே நல்லது என்று நினைத்தோம். "முதுகைப் பிளப்பது போல்" என்று அவர் சொன்ன சொல்லை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லாமல் விட்டவர்களும் நாங்களே. வலி தொடங்கியவுடனேயே நேராக மாவட்டத் தலைநகருக்குச் சென்றிருந்தால், நள்ளிரவுக்கு முன் ஸ்கேன் முடிந்து, விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் பெருநகரின் அறுவை அரங்கை அடைந்திருக்கலாம். அப்படிச் சென்றிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று அறுதியிட்டுக் கூற எவராலும் இயலாது. எனினும், அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பு கிடைக்கவில்லை என்பது உண்மை. அந்த வாய்ப்பைப் பற்றியே இவ்வுரை.

பெருந்தமனி என்பது யாது?

இதயத்திலிருந்து புறப்படும் முதற் பெரும் இரத்தக் குழாயே அயோர்ட்டா என மருத்துவர்கள் அழைக்கும் பெருந்தமனி ஆகும். அது இதயத்திலிருந்து மேலெழுந்து, நெஞ்சுக்குள் வில்லைப் போல் வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்கி, வயிற்றில் தொப்புளின் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குச் செல்கிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால்கள் பிரிவதைப் போல், மூளைக்கும் கைகளுக்கும் குடலுக்கும் சிறுநீரகங்களுக்கும் உரிய குழாய்கள் யாவும் இதிலிருந்தே பிரிகின்றன. ஓய்வாக இருக்கும் வேளையிலும் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் இதன் வழியாகப் பாய்கிறது.

இக்குழாயின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. பல ஆண்டுகள் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தத்தாலோ, பிறவியிலேயே அமைந்த சுவரின் பலவீனத்தாலோ உள்ளடுக்கில் கிழிசல் உண்டாகலாம். அப்போது இரத்தம் அக்கிழிசலின் வழியே புகுந்து, அடுக்குகளைப் பிரித்துக்கொண்டு, தனக்கெனப் பொய்வழி ஒன்றை அமைத்துக்கொள்கிறது. சட்டையின் உள்துணி கிழிந்தால், கை சட்டைக்குள் நுழையாமல் உள்துணிக்கும் மேல்துணிக்கும் இடையே நுழைவதைப் போன்றது இது. இதுவே பெருந்தமனிச் சுவர்ப் பிளவு. அப்பொய்வழி நீள நீள, கிளைக் குழாய்களின் வாய்கள் அடைபடுகின்றன. மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் பக்கவாதம் போலவும், காலுக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் கால் மரத்தும், குடலுக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் வயிற்று வலியாகவும் அது வெளிப்படும். நம் சகோதரரின் கால் ஏன் மரத்தது என்பது எங்களுக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

இப்பிளவை மருத்துவர்கள் இருவகையாகப் பிரிக்கின்றனர். இதயத்திலிருந்து மேலெழும் பகுதி பாதிக்கப்பட்டால் அது ஏ வகை. அப்பகுதி பாதிக்கப்படாமல், கீழிறங்கும் பகுதியில் பிளவு இருந்தால் அது பி வகை. ஏ வகையில் இரத்தம் இதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் கசிந்து இதயத்தையே அழுத்தி நிறுத்திவிடக்கூடும். ஆகையால் அதற்கு உடனடி அறுவைச் சிகிச்சை தேவை. பி வகையில் பெரும்பாலோருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, இரத்த அழுத்தத்தையும் வலியையும் மருந்தால் கட்டுப்படுத்துவதே முதல் சிகிச்சை. குழாய் வெடிக்கும் நிலையோ, உறுப்புகளுக்கு இரத்தம் செல்லாத நிலையோ ஏற்பட்டால், தொடையிலுள்ள தமனி வழியாக உறையிட்ட ஸ்டென்ட்டைச் செலுத்திக் கிழிசலை உள்ளிருந்தே மூடுகின்றனர்.

மூன்றாவது அவசரநிலை ஒன்றும் உண்டு. வயிற்றுப் பகுதியில் பெருந்தமனி பலூன் போல் புடைத்து, ஒருநாள் வெடித்துவிடுவது அது. புகைபிடிக்கும் பழக்கமுள்ள முதிய ஆண்களிடமே இது மிகுதி. திடீரென வயிற்றிலோ இடுப்பின் பின்புறத்திலோ கடும் வலி, மயக்கம், உடல் வெளிறிப்போதல் ஆகியவை இதன் அடையாளங்கள். சிறுநீரகக் கல் வலி என்று எண்ணி ஏமாறுவதற்கு இதில் இடமுண்டு.

ஏன் தவறவிடப்படுகிறது?

நெஞ்சுவலியுடன் வருவோரில் பெருந்தமனிப் பிளவு உள்ளவர்களைவிட மாரடைப்பு உள்ளவர்களே மிகுதி. பெருந்தமனிப் பிளவு உள்ளவர்கள் மிகச் சிலர். ஆகவே, மருத்துவரின் எண்ணம் முதலில் மாரடைப்பின் பக்கம் செல்வது இயல்பே. ஆனால், இரண்டிற்கும் சிகிச்சை ஒன்றுக்கொன்று முரணானது. மாரடைப்புக்கு உயிர் காக்கும் இரத்தக்கட்டி கரைப்பு ஊசி, பெருந்தமனி கிழிந்தவருக்கு உயிரையே பறித்துவிடக்கூடும்.

மருத்துவ வசதிகளில் முன்னணியில் உள்ள நாடுகளிலும் இத்தவறு நிகழ்ந்துள்ளது. அமெரிக்காவின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நடிகர் ஜான் ரிட்டர், 2003ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் படப்பிடிப்பின்போது நோயுற்றார். மாரடைப்பு என்று கருதிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அன்றிரவே, தம் 54ஆம் வயதில், பெருந்தமனிப் பிளவால் அவர் இறந்தார். அவருடைய பெயரால் அமைந்த அறக்கட்டளை இன்று இந்நோயைப் பற்றிய விழிப்புணர்வைப் பரப்பி வருகிறது. இங்கிலாந்தில் மருத்துவப் பாதுகாப்பு விசாரணை அமைப்பு, இந்நோயை அடையாளங்காண்பதில் ஏற்படும் தாமதத்தைப் பற்றியே தனி விசாரணை நடத்தி, 2020ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. நோயாளி வந்து சேரும்போது பார்வைக்கு நலமாகத் தோன்றலாம், வலி இடையில் தணியலாம் என்பன இத்தாமதத்திற்கான காரணங்களில் முக்கியமானவை. சோடா குடித்ததும் வலி குறைந்த நம் சகோதரரின் நிலையும் அதுவே.

ஆகவே, இந்த அடையாளங்களை ஒவ்வொரு வீட்டாரும் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். வலி படிப்படியாக ஏறாமல், தொடங்கிய நொடியிலேயே உச்சத்தில் இருப்பது. நெஞ்சிலோ, இரு தோள்பட்டைகளுக்கு இடையே முதுகிலோ, வயிற்றிலோ கிழிப்பது போன்ற வலி. வலி ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்கு நகர்வது. வலியோடு மயக்கம், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி அல்லது மரத்துப்போதல். இரு கைகளிலும் நாடித்துடிப்போ இரத்த அழுத்தமோ வேறுபடுவது. இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலும், "பெருந்தமனியாக இருக்குமோ, ஐயா?" என்று மருத்துவரிடம் பணிவுடன் கேட்டுவிடுங்கள். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஈ.சி.ஜி. சரியாக இருப்பதாலேயே இந்நோய் இல்லை என்று ஆகிவிடாது. மார்பு எக்ஸ்ரேயும் போதாது. இரத்தக் குழாயில் மருந்து செலுத்தி எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன்தான் பெரும்பாலும் ஐயத்தைத் தீர்க்கும்.

சிறப்பு மருத்துவமனை என்பது என்ன?

"பெரிய ஆஸ்பத்திரி" என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். ஆனால், கட்டடத்தின் உயரம் இதற்கு அளவுகோல் ஆகாது. இரவு இரண்டு மணிக்கும் ஸ்கேன் எடுத்து அதனை உடனே படித்துக் கூறுபவர் இருக்க வேண்டும். பெருந்தமனியில் அறுவை செய்து பழகிய இதய அறுவைச் சிகிச்சை நிபுணர், இரத்தக் குழாய் நிபுணர், மயக்கவியல் நிபுணர், இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர், தீவிர சிகிச்சைச் செவிலியர் ஆகியோர் அழைத்த மாத்திரத்தில் ஒன்றுகூட வேண்டும். போதிய இரத்தமும் தட்டணுக்களும் இருப்பில் இருக்க வேண்டும். இவை அனைத்தும் ஒருங்கே அமைந்த இடமே இந்நோய்க்குரிய சிறப்பு மருத்துவமனை.

ஏ வகைப் பிளவுக்கான அறுவைச் சிகிச்சை எத்தகையது என்பதைச் சுருக்கமாகக் கூறினால், இத்தனை பேர் எதற்கு என்பது விளங்கும். மார்பெலும்பைத் திறந்து, இதயத்தின் பணியை இயந்திரத்திடம் ஒப்படைத்து, உடலின் வெப்பத்தை 28 பாகை செல்சியசுக்கும் கீழே குளிர்விப்பது வழக்கம். பின்னர், மூளைக்கு மட்டும் தனியே இரத்தம் செலுத்திக்கொண்டு, உடலின் மற்ற பகுதிகளுக்கான ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்துகின்றனர். கிழிந்த பகுதியை வெட்டியெடுத்து, அவ்விடத்தில் செயற்கை இழையால் நெய்த குழாயைத் தைக்கின்றனர். பல மணி நேரம் நீடிக்கும் பணி இது.

இச்சிகிச்சைக்கு வழிவகுத்த முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் மைக்கேல் டிபேக்கி. 1950களில் டேக்ரான் துணியைக் கடையில் வாங்கி, தம் மனைவியின் தையல் இயந்திரத்தில் தாமே செயற்கைக் குழாய் தைத்தவர். பெருந்தமனிப் பிளவின் வகைகளை 1965ஆம் ஆண்டு வகுத்துக் கூறியவரும் அவரே. அவருக்கே 2005ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், தம் 97ஆம் வயதில், அந்நோய் வந்தது. அப்போதும் அவர் உடனே மருத்துவமனையில் சேர இசையவில்லை. நிலை மோசமடைந்த பின்னர், 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவரிடம் பயின்ற மருத்துவர்களே சுமார் ஏழு மணி நேரம் அறுவைச் சிகிச்சை செய்தனர். அதன் பின்னர் அவர் ஈராண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2008ஆம் ஆண்டு ஜூலையில் மறைந்தார். அந்நோயை உலகிற்கு விளக்கியவரே தம் உடலில் அது தோன்றியபோது தயங்கினார் என்றால், நம் கடைத்தெருவில் சோடா கொடுத்தவர்களைக் குறை கூற என்ன இருக்கிறது? அதே வேளையில், பழகிய கைகள் அருகில் இருந்ததால் 97 வயதினரும் பிழைத்தார் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

பழகிய கை என்பது வெறும் சொல்லன்று. அமெரிக்காவில் செய்யப்பட்டு 2013ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுக்கு ஒன்றுக்கும் குறைவாக இவ்வறுவையைச் செய்யும் நிபுணர்களிடம் நூற்றுக்கு 27 பேரும், ஆண்டுக்கு ஐந்தோ அதற்கு மேலோ செய்பவர்களிடம் நூற்றுக்கு 17 பேரும் இறந்தனர் என்று காட்டியது. 1996ஆம் ஆண்டு தொடங்கிய பன்னாட்டுப் பெருந்தமனிப் பிளவுப் பதிவேட்டைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையை அடைந்த ஏ வகை நோயாளிகளுள் அறுவை செய்யப்படாதோரில் 48 மணி நேரத்திற்குள் இறந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பேர். அறுவைச் சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டோரில் இறந்தோர் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. ஆகவே, இந்நோய் வந்தால் எல்லாம் முடிந்தது என்று மனம் தளர வேண்டியதில்லை.

இதனை உணர்ந்த நாடுகள், மருத்துவமனைகளைத் தனித்தனியே விடாமல் ஒரே சங்கிலியாக இணைத்துள்ளன. ஜப்பானின் தோக்கியோ மாநகரில் 2010ஆம் ஆண்டு பெருந்தமனி அவசரநிலைகளுக்கென்றே மருத்துவமனைகளின் வலையமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. இரவு பகல் பாராது இத்தகைய நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனைகள் எவையென்று முன்னரே வகுக்கப்பட்டிருப்பதால், நோயாளியைக் கொண்டு வாசல் வாசலாக அலைய வேண்டிய நிலை குறைகிறது. இங்கிலாந்திலும் 2022ஆம் ஆண்டு தேசிய சுகாதாரத் துறை, ஐயம் எழுந்த நேரம் முதல் அறுவை அரங்கு வரையிலான வழியை ஒவ்வொரு வட்டாரமும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும் என்று வழிகாட்டி நூல் வெளியிட்டது.

நம் பகுதியில் அத்தகைய சங்கிலி நம் கண்ணில் படும்படி இல்லையென்றால், நம்மால் இயன்ற கண்ணிகளை நாமே கோத்துக்கொள்ள வேண்டும்.

முதல் மருத்துவமனையின் பங்கு

சிறப்பு மருத்துவமனையே வேண்டும் என்பதால், அருகிலுள்ள மருத்துவமனை வேண்டா என்று எவரும் பொருள்கொள்ளலாகாது. மயங்கி விழுந்தவரை, மூச்சுத் திணறுபவரை முதலில் அருகிலுள்ள மருத்துவரே காக்க முடியும். 2008ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் இயங்கும் 108 ஊர்தியில் பயிற்சி பெற்ற பணியாளரும் ஆக்சிஜனும் உண்டு. நமது ஊர்தியில் அத்தகைய வசதி குறைவு என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறுகிறோம். ஆகவே, முதல் அழைப்பு 108க்கே செல்லட்டும்.

நோய் உறுதியானதும் முதல் மருத்துவமனை செய்ய வேண்டிய பெரும்பணி ஒன்றுண்டு. வலியைத் தணித்து, நரம்பு வழி மருந்தால் இதயத் துடிப்பை நிமிடத்திற்கு 60 அளவுக்கும், மேல் அளவு இரத்த அழுத்தத்தை 100 முதல் 120 வரைக்கும் கொண்டுவருவதே அது. கிழிசலின் மீது மோதும் அலையின் வேகத்தைக் குறைப்பதற்கு ஒப்பானது இது. இதனைச் செய்துகொண்டே, சிறப்பு மருத்துவமனையின் நிபுணரிடம் தொலைபேசியில் பேசி, ஏற்றுக்கொள்வதாக அவர் ஒப்பிய பின்னர் நோயாளியை அனுப்ப வேண்டும். ஸ்கேன் படங்கள் நோயாளிக்கு முன்னரே அங்கு சென்று சேர வேண்டும். நாங்கள் அன்று கேட்கத் தவறிய கேள்விகள் மூன்று: "இங்கே இப்போது இவ்வறுவை செய்ய இயலுமா? இயலாதெனில் எங்கே இயலும்? அவர்களிடம் தாங்கள் பேசினீர்களா?" இவற்றைக் கேட்டிருந்தால், மூன்றாவது வாசலில் முக்கால் மணி நேரம் நின்றிருக்க மாட்டோம்.

உடன்பிறந்தாரைப் பற்றி ஒரு சொல்

எங்கள் அறியாமை அந்த இரவோடு முடிந்துவிடவில்லை. அதனையும் இங்கே கூறியாக வேண்டும்.

மறைந்த சகோதரருக்குத் தம்பி ஒருவர் இருக்கிறார். அண்ணன் இறந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், இரத்த அழுத்தத்திற்காக அவர் நகரத்து மருத்துவரிடம் சென்றபோது, அண்ணனின் மரணத்தைப் பற்றித் தற்செயலாகக் கூறியிருக்கிறார். உடனே அம்மருத்துவர் எக்கோ பரிசோதனைக்கும் பின்னர் சி.டி. ஸ்கேனுக்கும் அனுப்பினார். மேலெழும் பெருந்தமனி 5.6 சென்டிமீட்டர் அகலத்திற்குப் புடைத்திருந்தது. பொதுவாக 5.5 சென்டிமீட்டரை எட்டினாலே அறுவை செய்துகொள்ளுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். ஒருவருக்கு நெஞ்சுப் பகுதிப் பெருந்தமனியில் பிளவு ஏற்பட்டால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நெறி. இரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டுக்குச் சென்று ஆறுதல் கூறி வந்த எங்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

அத்தம்பிக்கு நாள் குறித்து, இரத்தம் ஏற்பாடு செய்து, பகல் வேளையில், அமைதியாக அறுவைச் சிகிச்சை நடந்தேறியது. இன்று அவர் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். அண்ணனை ஏற்றிச் சென்ற அதே சாலைதான். தம்பிக்கு வழி முன்கூட்டியே தெரிந்திருந்தது.

வருமுன் காப்பதில் மற்றொன்று இரத்த அழுத்தம். பெருந்தமனிப் பிளவு உற்றோரில் நால்வரில் மூவர் அளவினர் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் என்று பன்னாட்டுப் பதிவேடு கூறுகிறது. "மாத்திரை சாப்பிட்டுச் சரியாகிவிட்டது" என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிடுவது நம்மிடையே பரவலாக உள்ள பழக்கம். அழுத்தம் சரியாக இருப்பது மாத்திரையினாலேயே என்பதை உணர வேண்டும். வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் 65 வயதை எட்டும் ஆண்கள் அனைவரையும் அழைத்து, வலியற்ற அல்ட்ராசவுண்டு சோதனை ஒன்றைச் செய்கின்றனர். புகைபிடித்த பழக்கமுள்ள நம் மூத்தோர்களும் மருத்துவரிடம் கேட்டு இச்சோதனையைச் செய்துகொள்ளலாம். புகைப்பதை இன்றே கைவிடுதல் அதனினும் நன்று.

நாம் செய்ய வேண்டியவை

இப்பொதுக்குழுவின் முன் நாங்கள் வைக்கும் வேண்டுகோள்கள் ஐந்து.

1. நம் ஊரிலிருந்து எட்டும் தொலைவில், இரவிலும் சி.டி. ஸ்கேன் எடுக்கும் இடங்கள் எவை, பெருந்தமனி அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனைகள் எவை, அவற்றின் அவசரப் பிரிவுத் தொலைபேசி எண்கள் யாவை என்று நேரில் சென்று விசாரித்துப் பட்டியல் தயாரிக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை அதனைச் சரிபார்க்க வேண்டும். எங்கள் குழு இப்பொறுப்பை ஏற்கிறது.

2. இவ்வறுவைக்கு இரத்தம் மிகுதியாகத் தேவைப்படும். இளைஞர்கள் தத்தம் இரத்த வகையைப் பதிவு செய்து, அழைத்தால் இரவிலும் புறப்படத் தயாராக இருக்க வேண்டும்.

3. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் அட்டையைப் பெற்று வைத்திருக்க வேண்டும். எந்தச் சிகிச்சை, எந்த மருத்துவமனையில் அதில் அடங்கும் என்பதை நோய் வருமுன் கேட்டறிவது நன்று. எஞ்சும் செலவுக்காக மருத்துவ உதவி நிதியில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்க வேண்டுகிறோம். முன்பணம் திரட்டக் காத்திருந்த நேரத்தால் ஓர் உயிர் போயிற்று என்ற நிலை நம் மஹல்லாவில் வரலாகாது.

4. நாற்பது வயதைக் கடந்த அனைவருக்கும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை இரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். மாத்திரையை இடையில் நிறுத்தியவர்களை அங்கே இனங்கண்டு, மீண்டும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

5. குடும்பத்தில் எவரேனும் பெருந்தமனி நோயாலோ, காரணம் அறியப்படாத திடீர் மரணத்தாலோ மறைந்திருந்தால், அக்குடும்பத்தார் எங்களிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். பரிசோதனைக்கு வேண்டிய உதவியைச் செய்து தருவோம். இதில் கூச்சமோ அச்சமோ வேண்டா.

பெரியோர்களே, இந்த ஐந்தில் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் சில தொலைபேசி அழைப்புகளும் சற்று முன்யோசனையும் போதும். அறுவைச் சிகிச்சை செய்யும் ஆற்றல் நமக்கில்லை. ஆனால், அதைச் செய்ய வல்லவரின் வாசலுக்கு நோயாளியை உரிய நேரத்தில் கொண்டுசேர்ப்பது நம் கையில் இருக்கிறது. அன்றிரவு வீணாகிய எட்டு மணி நேரத்தில் பாதியையாவது அடுத்த முறை நம்மால் மீட்க முடியுமானால், அச்சகோதரரின் குடும்பத்துக்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதி தீரும்.

அடுத்த ஆண்டு இதே மேடையில் இந்த ஐந்து வேண்டுகோள்களின் நிலை என்னவென்று எங்களிடம் நீங்கள் கணக்குக் கேட்க வேண்டும். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது எங்கள் கடமை.